கடித்தால் தண்ணீர் தரும் பை

யாராவது ஒரு சாமான் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், எது நல்லது, எது உதவாது என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கொழும்பில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையொன்றில் பதினெட்டு வருடம் நின்றவன் நான். கடையை மூடியபின் புத்தளத்தில் என் ஊரான தில்லையடிக்கே திரும்பி வந்தேன். இங்கே ஏறுவதற்கு உப்புக் குவியலை விட்டால் வேறு மலை கிடையாது. இப்படியான ஊரில் வந்து ஊன்றுகோலின் நுனி எப்படி இருக்கவேண்டும் என்று பாடம் நடத்தினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? சிரித்தார்கள். ஆனாலும் கேட்கவும் செய்தார்கள். உப்பு வாய்க்காலில் வேலை செய்கிறவர் நெற்றி லைட்டைப் பற்றிக் கேட்டார். கடலுக்குப் போகிறவர் தண்ணீர் புகாத பை எது என்று கேட்டார்.

வீட்டுச் சாமான்களிலும் நான் அப்படித்தான். கைப்பிடி சுடுகிற கேத்தலைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதைச் செய்தவன் ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றிப் பார்த்திருக்கமாட்டான். நல்ல சாமான் என்பது, செய்தவன் தன் கையால் பாவித்துப் பார்த்து, இரண்டுமுறை சூடுபட்டு, பிறகு திருத்தியது. இதை நான் என் மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "நீங்க கேத்தலோடயே குடும்பம் நடத்துங்க" என்பாள்.

என் ராத்தா, கூடப்பிறந்த ஒரே அக்கா, கணக்கு ரீச்சர். கணவர் மவுத்தானபின் எங்களோடுதான் இருக்கிறார். ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது வெண்கட்டி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடியும் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்களாம், ராத்தாவும் சிரித்தாராம். நரம்பு வருத்தம் என்றும், கையில் தொடங்கி மெல்ல மெல்ல மற்ற இடங்களுக்கும் போகும் என்றும், மருந்தால் நிற்பாட்ட ஏலாது என்றும் டொக்டர் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருந்து இல்லாவிட்டால் சாமான் இருக்கிறதே என்று நினைத்தேன். அவ்வளவு மடையன்.

முதலில் போத்தல் மூடி திறக்கிற ரப்பர் வாங்கினேன். பிறகு குசினியிலும் குளியலறையிலும் குழாய்களை மாற்றினேன், முழங்கையால் தட்டினால் திறக்கிற நீண்ட பிடிக் குழாய்கள். ராத்தா தொழுகைக்குத் தானாகவே கைகால் கழுவி வுழு எடுத்தார். கரண்டி கையில் நிற்காமல் போனபோது, பழைய ஊன்றுகோல் ஒன்றின் பஞ்சுப் பிடியை வெட்டி, கரண்டிக் காம்பை அதற்குள் செருகிக் கொடுத்தேன். கொக்கி போட முடியாத உடுப்புகளுக்கு முதுகுப்பையின் கிளிப்பைத் தைத்துக் கொடுத்தேன். இவை எல்லாவற்றையும் எவருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஒன்றுகூட உடையவில்லை, ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை. குழாய் நாலு மாதம் உதவியது, கரண்டி இரண்டு மாதம். சாமான்கள் புதிது போலவே இருந்தன, ராத்தாவின் கைதான் அவற்றை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கட்டிலோடு ஆனபின் ராத்தாவை மிகவும் வருத்தியது தண்ணீர் கேட்பதுதான். குரல் இருந்த காலத்தில் ஒருநாள் சொன்னார்:

"தம்பி, ஒருத்தர்ட்டத் தண்ணி கேக்கிறது லேசு. கேட்டுப்போட்டு அவங்க வாற வரைக்கும் சும்மா படுத்திருக்கிறதுதான் ஏலாம இரிக்கி."

அன்றைக்கே பழைய பெட்டியைக் கிண்டி அந்தப் பையை எடுத்தேன். மலையேறுகிறவர்கள் முதுகில் போட்டுக்கொள்ளும் இரண்டு லீட்டர் தண்ணீர்ப் பை. அதிலிருந்து ஒரு நீண்ட குழாய் வரும். குழாயின் நுனியில் மெத்தென்ற ரப்பர் வாய். பல்லால் கடித்தால் தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும். கை வேண்டாம், ஆளும் வேண்டாம். என் வாழ்நாளில் நான் கண்ட சாமான்களில் இதற்கு மேலான ஒன்று இல்லை. பையைக் கட்டிலுக்கு மேலே நுளம்பு வலை கட்டும் கம்பியில் தொங்கவிட்டு, குழாயைத் தலையணையில், ராத்தாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுவிட்டேன். அவருக்கு விழுங்குவதில் அப்போது சிரமம் இல்லை. தலையைக் கொஞ்சம் திருப்பிக் கடித்தார், குடித்தார், விட்டார். மறுபடி கடித்தார். பகலுக்குள் பை பாதிக்கு மேல் காலி. தாகத்துக்காகக் குடிக்கவில்லை, யாரையும் கேட்காமல் குடிக்கலாம் என்பதற்காகவே குடித்தார். எனக்கு அழுகை வந்தது.

பிறகு குரலும் போனது. கண்ணை ஒருமுறை மூடினால் ஓம், இரண்டுமுறை மூடினால் இல்லை என்று பேசிக்கொண்டோம். அந்தப் பையும் குழாயும் மட்டும்தான் ராத்தாவின் இஷ்டத்துக்கு நடந்தன.

நோன்பு வந்தது. மவ்லவி வீட்டுக்கு வந்து, ராத்தாவுக்கு நோன்பு கடமையில்லை, ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று சொன்னார். ராத்தா ஒருமுறை கண்ணை மூடினார். அது முடிந்த விஷயம் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விடியுமுன் சஹர் சாப்பிட்டு முடித்து, நோன்பு தொடங்கும் சுபஹ் பாங்கு கேட்டதும் தண்ணீரையெல்லாம் கைக்கு எட்டாமல் வைத்துவிடுவோம். கோப்பைகளைக் கவிழ்த்து, ஜக்கை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவோம். மறதியாகக் கை போய் எடுத்துக் குடித்துவிடக்கூடாது என்பதற்காக. மறந்து குடித்தால் குற்றமில்லைதான், ஆனாலும் சின்ன வயதிலிருந்தே செய்து பழகிவிட்டது.

முதல் நோன்பன்று பாங்கு கேட்டது. நான் கோப்பைகளைக் கவிழ்த்தேன், ஜக்கை மேலே ஏற்றினேன். ராத்தாவின் அறைக்குப் போனேன், தலையணையிலிருந்து குழாயைக் கழற்றி, சுவரில் மேலே இருந்த ஆணியில் மாட்டினேன். பிறகு தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன். குழாயை மாட்டினேன் என்பதே எனக்குத் தெரியாது. கை தன் பாட்டில் செய்துவிட்டது.

அன்று காலையில் முந்தல் பக்கம் போக வேண்டியிருந்தது. இறால் பண்ணைக்காரர் ஒருவர் தன் ஆட்களுக்கு எந்த நெற்றி லைட் நல்லது என்று நேரில் பேசக் கூப்பிட்டிருந்தார். லைட்டைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். மழையில் நனையலாமா, பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும், கண் கூசாமல் சிவப்பு வெளிச்சம் ஏன் வேண்டும் என்றெல்லாம். அவருக்கு மிகவும் பிரயோசனமாக இருந்திருக்கும். திரும்பி வர பஸ் பிந்திவிட்டது.

வீட்டில் மனைவி மூன்றுமுறை போய் ராத்தாவைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறாள். ராத்தாவின் கண் மேலேயே நின்றதாம். காற்று போதவில்லையாக்கும் என்று ஃபேனைக் கூட்டியிருக்கிறாள்.

"பை நிறைய இரிந்திச்சு, குழாய நான் பாக்கல்ல. மதினிக்குக் குடிக்க மனமில்லையாக்கும் எண்டு நெனச்சன்" என்றாள் பிறகு. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தேன். பை நிறைந்தபடி தொங்கியது, குழாய் ஆணியில் இருந்தது. ராத்தாவின் உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. குழாயை எடுத்து ஓடிப்போய் வாயருகே வைத்தேன்.

"ராத்தா, தண்ணி."

கண் இரண்டுமுறை மூடித் திறந்தது.

"நான்தான் மறந்து மாட்டிப்போட்டன். குடிங்க ராத்தா."

மறுபடியும் இரண்டுமுறை. பிறகு பார்வை சுவர் மணிக்கூட்டுக்குப் போய் அங்கேயே நின்றது. நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. நான் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் போல ஒரு நேரம் எனக்கு வேறு இருந்ததில்லை.

மஃரிப் பாங்கு கேட்டதும் ரப்பர் வாயை ராத்தாவின் பல்லுக்கிடையில் வைத்தேன். பல் அதைத் தொட்டது, அழுத்தவில்லை. ராத்தா முயன்றார், கன்னம் நடுங்கியதைப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. கடைசியில் நான்தான் விரலால் அமுக்கினேன். தண்ணீர் வந்தது, விழுங்கினார். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். முதல் நோன்பன்று சஹர் நேரத்தில் குடித்ததுதான் ராத்தா தானாகக் குடித்த கடைசித் தண்ணீர்.

தாடையின் பலம் ஒரே நாளில் போவதில்லை, எப்படியும் அந்த நாட்களில் போயிருக்கும், தாகத்தால் வந்ததல்ல என்று டொக்டர் சொன்னார். நம்புகிறேன். ஆனால் அன்று காலையில் அந்தப் பலம் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும். அந்தக் கொஞ்சத்தை ராத்தா குழாயில்லாத தலையணையில் வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதுதான் என்னைத் தின்கிறது.

இப்போது மூக்கால் குழாய் போட்டிருக்கிறார்கள். வேளைக்கு வேளை நான் ஊற்றுகிறேன்.

அன்று ராத்தா காலையிலேயே நோன்பு பிடிப்பதாக மனதில் நிய்யத்து வைத்துக்கொண்டுதான் இருந்தாரா, அல்லது பகல் முழுக்கத் தண்ணீருக்குக் கிடந்துவிட்டு, என் முகத்தைக் கண்டபிறகு அதை நோன்பாக்கினாரா என்று எனக்குத் தெரியவேண்டும். கேட்பது கஷ்டமில்லை. "ராத்தா, அண்டைக்கு நீங்க நோம்பா?" என்று கேட்டால் போதும். ஒருமுறை மூடினால் நான் தப்பினேன். இரண்டுமுறை மூடினால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நோன்பு முடிந்து, பெருநாளும் முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் நாளைக்குக் கேட்கலாம் என்று கட்டிலருகே உட்கார்ந்து எழும்புகிறேன். இந்தக் கிழமையிலிருந்து ராத்தாவின் இமைகள் முழுதாக மூடுவதில்லை.