ஹில்டாவின் சாவுப்பணம்

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் எங்கள் தெருக்காரர்களுக்குச் சாவைக் கண்டுகூடப் பயமில்லை, அநாதைபோல மாநகராட்சிச் செலவில் புதைபடுவதுதான் பயம். பக்கத்து வீட்டு ஹில்டா ரெயினும் அவள் கணவர் வில்ஃபும் தங்கள் அடக்கச் செலவுக்கென்றே ஒன்பதாயிரத்து அறுநூறு பவுண்ட் சேர்த்து வங்கியில் போட்டிருந்தார்கள். சாவுப்பணம் என்றே அதற்குப் பெயர். வில்ஃபுக்கு நெஞ்சில் கோளாறு. ஹீட்டர் போடப் பென்ஷன் போதாது என்பதால், வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார்.

பென்ஷன் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் வாராவாரம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். இந்த வருஷம் அதை வாங்குகிறவர்களுக்குத்தான் ஹீட்டர் செலவுக்கான குளிர்காலப் பணமும் என்றார்கள். ஹில்டா விண்ணப்பம் வாங்கி வந்தாள். சேமிப்பு எவ்வளவு என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

"இருக்குன்னு எழுதினா தரமாட்டான். இல்லன்னு எழுதினா பொய். என்னடி பண்றது, பெரில்?"

என் வாய் சும்மா இருக்குமா? "பேங்க்லேர்ந்து எடுத்துடு. வீட்ல கெடக்குற காசு சேமிப்பா என்ன?" என்றேன்.

ஹில்டா பணம் முழுவதையும் எடுத்து, சோப்புத்தூள் டப்பாவுக்குள் ஒளித்தாள். சேமிப்பு இல்லை என்று எழுதிப் போட்டாள். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: ஆறு மாத வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டுமாம். எடுத்த பணம் அதில் அப்படியே தெரியுமே.

அதோடு அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. தபால்காரர் கதவைத் தட்டினாலும் பின்கட்டுக்கு ஓடினாள். "என்னை உள்ள வெச்சா இவருக்கு சூப்பு யாரு காய்ச்சித் தருவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழி காட்டியவள் நான்தானே. ஐந்தாம் நாள் டப்பாவோடு அவளைத் தேவாலயக் கூடத்தில் நடக்கும், அரசு உதவிகளுக்கு வழி சொல்லும் ஆலோசனை மையத்துக்கு இழுத்துப் போனேன்.

அங்கே கில்லியன் என்ற பெண் முழுக் கதையையும் கேட்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"பத்தாயிரம் வரைக்கும் சேமிப்பைக் கணக்குலயே சேர்க்கமாட்டாங்க கண்ணு. அதுக்கு மேல இருந்தாலும் ஒவ்வொரு ஐந்நூறுக்கும் வாரம் ஒரு பவுண்ட் வருமானம்னு வெச்சுக்குவாங்க, அவ்வளவுதான். இத எதுக்கு ஒளிச்சீங்க?"

"அப்ப ஜெயிலு?"

"இப்பவே போன் பண்ணி உள்ளதைச் சொல்லிடலாம். இதுக்கெல்லாம் யாரும் ஜெயில்ல போடமாட்டாங்க."

ஹில்டா அழுதே விட்டாள். கில்லியன் பென்ஷன் தாள்களைப் புரட்டினாள். "ஆறு வருஷமா வந்திருக்க வேண்டிய பணம் இது. இப்ப பழைய பாக்கின்னு மூணு மாசத்துக்குத்தான் கிடைக்கும்" என்றாள்.

ஹில்டாவின் அழுகை நின்றது. பஸ்ஸில் டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். தெருமுனையில்தான் வாயைத் திறந்தாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடியே வில்ஃப் எழுதிப் போடச் சொன்னாரு, பெரில். நான்தான், காசு வெச்சிருக்கிறவனுக்கு எவன் தருவான்னு வாயை அடைச்சேன். அப்ப அவருக்கு இருமலே கிடையாது."

கடிதம் வந்த அன்றுகூட அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்க்கவில்லை.

வில்ஃப் கோட்டோடு நாற்காலியில் இருந்தார். "என்ன சொன்னாங்க?"

"கிடைக்குமாம்."

அவர் இருமி முடிக்க நேரமாயிற்று. "அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களோ?"

"அப்பல்லாம் இந்தச் சட்டமே இல்ல" என்று சொல்லிவிட்டு ஹில்டா என்னைப் பார்த்தாள்.

"ஆமா வில்ஃப், இல்ல" என்றேன்.