வெள்ளிக்கிழமை மதியம் வரை நீண்ட வியாழக்கிழமை

செவிலிமேடு ஆட்டோ ஸ்டாண்டில் ராமராஜனிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. பெட்ரோல் விலையோ, பாலாற்று மணலோ, முகூர்த்த நாளில் காந்தி ரோட்டு நெரிசலோ, எதைக் கேட்டாலும் அவரிடம் சூடாக ஒரு கருத்து தயாராக இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர், "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று யாராவது கேட்டால் மட்டும் ஆட்டோக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். "கவர்மென்ட் பணத்துல நடக்குற ஸ்கூல்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த சவாரியைத் தேடுவார். அது பொய்யில்லை. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ராமராஜனின் ஒரே மகள் சுகாசினி கூத்தாடுகிறாள். அதிலும் துரியோதனன் வேஷம்.

குரல் அம்மா லில்லியின் சொத்து. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் லில்லி பாட எழுந்தால், பின்வரிசையில் தூங்குகிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தத் தொண்டை மகளுக்கும் வாய்த்தது. பன்னிரண்டாவது முடித்ததும் ராமராஜன் அலையாய் அலைந்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். வாசலுக்கே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. தெருவே பார்த்தது. பொங்கலுக்கு லீவில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. முசரவாக்கம் போகிற வழியில் கூத்துப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, இரண்டு வருஷப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு, மாதாமாதம் உதவித்தொகை, எல்லாம் அரசாங்க நிதியில் என்றாள்.

கூத்தாடுவதற்கு அரசாங்கம் காசு கொடுக்குமா என்று ராமராஜன் சிரித்தார். முதல் மாத உதவித்தொகை வங்கியில் ஏறிய செய்தியை அவள் போனில் காட்டியபோது சிரிப்பு நின்றது. கோபம் மட்டும் கொஞ்ச நாள் மிச்சமிருந்தது. கம்பெனி பஸ்ஸைப் பார்த்த தெருவுக்கு அவர் என்ன பதில் சொல்வார்?

பள்ளியை நடத்துகிறவர் மயில்வாகனம். பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவுக் குடும்பம். அண்ணன் தம்பிகள் தறியில் உட்கார, இவர் ஆர்மோனியத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்கெங்கோ நடையாய் நடந்து நிதி வாங்கி, ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகளைச் சேர்த்து, பாட்டு, அடவு, மிருதங்கம், முகவீணை, முகத்துக்கு எழுதுவது என்று எல்லாம் கற்றுக்கொடுக்க ஆள் வைத்தார். படிப்பு முடித்தவர்களைக் கொண்டே ஒரு கூத்துச் செட்டும் கட்டினார். சுகாசினிக்குத் துரியோதனன் வேஷம் விழுந்தது அங்கேதான். புஜத்திலும் மார்பிலும் மரக்கட்டை அணிகளைக் கட்டி, கிரீடம் வைத்து, மீசை எழுதிக்கொண்டு அவள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தால், வந்திருக்கிற கூட்டம் பீடியை அணைத்துவிடும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ராமராஜன் பார்த்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. முதுகு வலி, ராத்திரி சவாரி என்று ஏதாவது சாக்கு வைத்திருப்பார். கூத்து கேவலம் என்று அவர் நினைக்கவில்லை. காரணம் வேறு, அதை அவர் லில்லியிடம்கூடச் சொன்னதில்லை. அவர் பிறந்த ஊரில் பாரதக் கூத்து நடக்கும்போது அவர்கள் தெரு ஜனங்கள் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். மேளம் அடித்தவர் அவருடைய சித்தப்பா. விடிந்ததும் ஊர்ப் பெரியவர் வெற்றிலை பாக்கைக் கைக்கெட்டாத உயரத்திலிருந்து போட, சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஏந்தி வாங்கினார். அப்போது ராமராஜன் டவுசர் போட்ட பையன். காலம் மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவரும்தான் சொல்கிறார். ஆனால் தன் மகள் எந்த ஊரிலாவது அப்படி ஏந்தி நிற்பதைப் பார்த்துவிடுவோமோ என்ற பயம் அவரை விடவில்லை. பார்க்காமல் இருந்துவிட்டால் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

இந்த வருஷம் பள்ளிக்கு நிதி முடிகிற வருஷம். துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, படித்த பிள்ளைகள் இந்தக் கலையைத் தொழிலாக வைத்துப் பிழைக்கிறார்கள் என்று எழுதினால்தான் மேற்கொண்டு கிடைக்கும். கிடைத்தால் சுகாசினியை அங்கேயே பயிற்சியாளராக எடுத்துக்கொள்வார்கள், மாதச் சம்பளம். கிடைக்காவிட்டால் விடுதிச் சமையலறைக்குப் பூட்டு, சேரக் காத்திருக்கிற பிள்ளைகளுக்குக் கம்பெனி பஸ். சுகாசினி ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான் மயில்வாகனம் ஒரு தப்புச் செய்தார். கூத்துக்காரர் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்க்க எந்த நாள் தோது என்று அதிகாரி போனில் கேட்டார். "வியாழக்கிழமையோட பாரதம் முடிஞ்சிடுது சார், வெள்ளிக்கிழமை வாங்க" என்று மயில்வாகனம் சொல்லிவிட்டார். கூத்துக்காரனுக்குச் சாயங்காலம் முகத்துக்கு எழுத உட்காரும்போது ஒரு நாள் தொடங்கும், வேஷம் கலைத்தால்தான் அந்த நாள் முடியும். வியாழன் ராத்திரி கட்டிய வேஷம் வெள்ளி காலையில் படுகளம் என்கிற போர்க்களக் காட்சியில் துரியோதனன் சாகிறவரை கலையாது. ஆகவே அவர் கணக்கில் அதுவரை வியாழக்கிழமைதான். அதிகாரியின் கணக்கு வேறு.

வெள்ளி காலையில் ராமராஜன் டீயை வாயில் வைத்த நேரம் சுகாசினி கூப்பிட்டாள். பின்னால் மேளச் சத்தம்.

"ப்பா, ஆபீசர் வந்துட்டாரு. ஸ்கூல்ல காந்தாக்கா மட்டும்தான் இருக்குது. மதியம் கார் வந்து அவர இட்டுக்கினு போயிடுமாம். நீதான் அவர இங்க கூட்டிக்கினு வரணும்."

"நேத்தோட முடிஞ்சிதுன்னு சொன்னியேமா?"

"வேஷம் கலைக்காம நாள் எப்படிப்பா முடியும்?"

செட்டை நிறுத்திவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. அந்த ஊரில் தாம்பூலம் வாங்கியாகிவிட்டது. தாம்பூலம் வாங்கியவர்கள் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆடிவிட்டுத்தான் போவார்கள், அது அவருக்கும் தெரியும். டீயை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

பள்ளி வாசலில் சீனிவாசன் என்ற அந்த அதிகாரி மோர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். சமையல்கார காந்தா அவரிடம், பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. ஆனால் வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்றதும், எல்லோரும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வாத்தியார் அனுப்பிய வண்டி என்று மட்டும் சொல்லி ராமராஜன் அவரை ஏற்றிக்கொண்டார். தான் யாரென்று சொல்லவில்லை.

வாலாஜாபாத் ரோட்டில் சீனிவாசன் பேசிக்கொண்டே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பல ஊர் பார்த்து அலுத்தவர். பயிற்சிப் பள்ளிகளில் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், படித்து முடித்த பிள்ளைகளைத்தான் மேடையில் காணோம் என்றார். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, பிள்ளை பெட்ரோல் பங்கில் நிற்கிறான் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆசைக்கு ஆடுறதுக்கு அரசாங்கம் பணம் குடுக்க முடியாதுங்க. வேலைன்னு ஒண்ணு இருக்கணும். அதுக்கு ஒரு ஆர்டராவது காட்டணும்" என்றார். ஸ்டாண்டில் யாரையும் பேசவிடாத ராமராஜன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வாயைத் திறக்காமல் வண்டி ஓட்டினார்.

வாலாஜாபாத்தைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பி, அரிசி ஆலையைக் கடந்ததும் ஜனம் தெரிந்தது. திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே அறுவடை முடிந்த வயலில் மண்ணாலான துரியோதனன் மல்லாந்து கிடந்தான். ஒரு வீட்டளவு உடம்பு, உருட்டி வைத்த கண், முறுக்கிய மீசை. சுற்றிலும் பத்து ஊர்க் கூட்டம். சீனிவாசன் வரிசையாகச் சீருடையில் நிற்கிற மாணவர்களைத் தேடினார். ராமராஜன் புளியமரத்தைத் தேடினார். இங்கே ஒரு வேப்பமரம்தான் இருந்தது. அதன் அடியில் ஐஸ் வண்டிக்காரன் நின்றான். யாரும் யாரையும் அந்தப் பக்கம் போ என்று சொல்லவில்லை. இருந்தாலும் அவர் கால்கள் ஓரமாகவே போய் நின்றன.

அப்போது துரியோதனன் குரல் எழுந்தது.

ராமராஜனுக்கு உடம்பு சிலிர்த்தது. லில்லியின் குரல்தான், சந்தேகமில்லை, ஆனால் அது மீசை முறுக்கிக்கொண்டு வந்திருந்தது. ராத்திரி முழுக்க ஆடிய தொண்டை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டையின் பாரத்தோடு அவள் மண் உருவத்தின் மேல் ஏறி ஓட, கதாயுதம் தூக்கிய பீமன் துரத்த, கூட்டம் அலையடித்துப் பின்வாங்கியது. பீமன் வேஷத்தில் விஷால் என்ற பையன், இவளோடு படித்தவன். அவன் பாய்ந்த பாய்ச்சலில் சீனிவாசன்கூட இரண்டடி பின்னால் வைத்தார். இவர்கள் வெளியூரிலிருந்து கூட்டிவந்த பெரிய ஆள்களா என்று அவர் கேட்டார். எல்லாம் அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகள்தான் சார், முகவீணை, மிருதங்கம் எல்லாம் அவர்கள்தான், பெரியவர் என்றால் ஆர்மோனியத்தில் இருக்கிற வாத்தியார் ஒருவர்தான் என்று ராமராஜன் சொன்னார். மகளைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

கதாயுதம் மண் தொடையில் இறங்கியது. உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து செந்நீர் ஓடியது. சுகாசினி அந்தத் தொடையின் மேலேயே சரிந்து விழுந்தாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். கெட்டவன்தான், இருந்தாலும் ராஜா இல்லையா? வீட்டு நெல்லில் போட்டு வைக்க மண்ணைப் பிய்த்து எடுத்துக்கொள்ளக் கூட்டம் நெருங்கியபோதும், அவள் அசையாமல் கிடந்தாள். ராமராஜனுக்கு ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும் போலிருந்தது.

பிறகு மேளம் ஓய்ந்து, கோயில் தர்மகர்த்தா தட்டோடு வந்தார். அடுத்த வருஷப் பாரதத்துக்கு இப்போதே தாம்பூலம் வைப்பது அந்த ஊர் வழக்கம். போய்விடலாமா என்று ராமராஜன் நினைத்தார். அதிகாரியை விட்டுவிட்டு எங்கே போவது?

மயில்வாகனம் ஆர்மோனியத்தை விட்டு எழுந்து வந்து கை நீட்டினார். தர்மகர்த்தா கொடுக்கவில்லை.

"வாத்தியாரே, கோவிச்சிக்காத. இது துரியோதனனுக்கு" என்றார்.

சுகாசினி எழுந்து நின்றாள். முகத்தில் எழுதியிருந்தது வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. தர்மகர்த்தா தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அம்மன் முன்னால் நிற்கும்போது கட்டுகிற மாதிரி. தட்டை இரண்டு கையாலும் பிடித்து, அவள் கைகளிலேயே வைத்தார். விரல்கள் பட்டன. "வர்ற வருஷமும் நீதாம்மா வரணும். வேற ஆளு எங்களுக்கு வேணாம்" என்றார். கூட்டம் கை தட்டவில்லை, அங்கே அந்தப் பழக்கம் கிடையாது. பெண்கள் குலவையிட்டார்கள்.

சித்தப்பா ஏந்திய துண்டு ராமராஜனுக்கு நினைவு வந்தது. இன்று துண்டு எந்த இடுப்பில் ஏறியிருக்கிறது என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னங்க அது? எதுக்குக் குடுக்குறாங்க?" என்று சீனிவாசன் கேட்டார்.

"நீங்க கேட்டீங்களே சார், ஆர்டர். அது இதான். அடுத்த வருஷத்துக்கு வேலை. இத வாங்குன கை அந்த நாள்ல வேற ஊருக்குப் போகாது."

"இவ்வளவு வெவரம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"துரியோதனன் எம் பொண்ணு சார்" என்றார் ராமராஜன். பக்கத்தில் நின்ற ஐஸ் வண்டிக்காரனும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னார்.

அதற்குப் பிறகு அதிகாரியின் கார் மதியம் அந்த ஊருக்கே வந்து, மூன்று மணிவரை காத்திருந்தது. வேஷம் கலைத்துச் சாப்பிட உட்கார்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் அவர் பேசினார், இந்தக் கோடையில் எந்தெந்த ஊரில் ஆடினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வெற்றிலைத் தட்டைப் படம் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது மயில்வாகனத்திடம், "இப்பவாவது வியாழக்கிழமை முடிஞ்சிதா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று மயில்வாகனம் பயபக்தியோடு சொன்னார்.

ஆடி மாதம் நிதிக்கான உத்தரவு வந்தது. சுகாசினி பயிற்சியாளராகச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் நாள் ராமராஜன் அவளை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனதில் அவள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். ஸ்டாண்டில் இப்போது யாரும் அவரிடம் மகளைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்தார்கள். பின்பக்கம் என்ன எழுத வேண்டும் என்று பெயின்டர் கேட்டான். துரியோதனன் துணை என்றார் ராமராஜன். பிரஷ்ஷை டப்பாவிலேயே வைத்துக்கொண்டு பெயின்டர் அவரைப் பார்த்தான்.

"அம்மன் துணை, முருகன் துணைன்னு எழுதுவாங்கண்ணே. அவன் கெட்டவனாச்சே?"

"ஊருக்குத்தான்பா கெட்டவன். எங்க வூட்டுத் துரியோதனனுக்குத்தான் ரெண்டு கையால தாம்பூலம் குடுத்தாங்க. நல்லா பெரிசா எழுது."