சின்னம்மா சொன்ன பதில்

அம்மா கிரேக்கத் தத்துவம் படித்தது ஒரு விபத்து. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடக்கும். அம்மா கம்ப்யூட்டர் படிக்கத்தான் பெயர் கொடுத்திருந்தார். அங்கே ஆட்கள் நிரம்பிவிட்டதால், ஆள் போதாமல் தவித்துக்கொண்டிருந்த பக்கத்து வகுப்புக்கு அவரை மாற்றிவிட்டார்கள். கட்டிய பணம் திரும்பாது என்று அறிந்ததும் அப்பா, ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டு வரும்படி சொல்லிவிட்டார். காசு கட்டிய பிறகு எதையும் வீணாக்குவது எங்கள் வீட்டில் பெரும்பாவம்.

அங்கே கேட்டதை அம்மா சோற்றுக் கோப்பையோடு எங்களுக்கும் பரிமாறுவார். கிரேக்க நாட்டில் ஒரு கோயில் வாசலில் 'உன்னை அறி' என்று பொறித்திருந்தார்களாம். ஏதென்ஸில் ஒரு ஞானி சந்தையில் பெரிய மனிதர்களை மறித்து, அவர்களுக்குத் தெரியும் என்று நினைப்பது உண்மையில் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே திரிந்தாராம். ஒருவருக்கும் தெரியவில்லை. தனக்குத் தெரியாது என்பதாவது தனக்குத் தெரிகிறதே என்று அவர் ஆறுதல் பட்டாராம். கடைசியில் அவருக்கு நஞ்சு கொடுத்தார்கள் என்று அம்மா முடித்தபோது அப்பா குழம்பை விட்டுக்கொண்டே, "சந்தைக்குப் போற வாற சனத்தை மறிச்சுக் கேள்வி கேட்டால் வேறை என்னத்தைக் குடுப்பினம்?" என்றார்.

அம்மா விடவில்லை. சந்தை இல்லாத குறைக்கு நான் அகப்பட்டேன். பசிக்கிறது என்றால், அது பசியா, வீட்டுப்பாடம் செய்ய அலுப்பா என்று யோசித்துவிட்டு வா என்பார். யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் அலுப்பாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்பது வயது. கம்ப்யூட்டர் வகுப்பில் இன்னும் ஓர் இடம் இருந்திருக்கலாம் என்று மனதாரக் கவலைப்பட்டேன்.

அந்த நேரம் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கொழும்பிலிருந்து விசிட் விசாவில் வந்து எங்களோடு நின்றார். விசா முடிவதற்குள் இங்கே ஒரு கல்யாணம் சரிவந்தால் தங்கலாம். வராவிட்டால் திரும்பவும் கொழும்பு லொட்ஜ் அறையும், எங்கே குண்டு வெடித்தாலும் வந்து கதவைத் தட்டும் பொலிசும்தான். நல்லகாலம், கிளென்ஃபீல்டில் ஒரு மாப்பிள்ளை அகப்பட்டார். சாதகம் பொருந்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவரும் அவருடைய தமக்கையும் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா உருளைக்கிழங்கு ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். வந்தவர்கள் போகும்வரை அதில் கை வைக்கக்கூடாது என்பது எனக்கிட்ட கட்டளை.

எல்லாம் பேசி முடிந்து ஒரு சடங்கு மட்டும் மிச்சம் இருந்தது. பெண்ணிடம் விருப்பம் கேட்பது. எங்கள் ஆட்களிடையே அதற்குப் பதில் முன்னரே தீர்மானிக்கப்பட்ட ஒன்று. பெண் நிலத்தைப் பார்த்து, எனக்கென்ன தெரியும் என்ற பாங்கில் ஏதாவது முணுமுணுக்க வேண்டும். அதுதான் சம்மதம். வாய் திறந்து ஓம் என்றால் அவசரக்காரி என்பார்கள். இல்லை என்று சொன்ன பெண்ணை நான் கேள்விப்பட்டதே கிடையாது.

சின்னம்மா முறை தவறாமல் கார்ப்பெட்டைப் பார்த்தார். தனக்குத் தெரியாது என்றார். தமக்கையார் முகம் மலர்ந்து நாள் பார்க்கிற கதையைத் தொடங்கினார். தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற அம்மா அதை மேசையில் வைத்தார்.

"அவள் தெரியாதெண்டெல்லோ சொல்லுறாள்."

பெண் பிள்ளைகள் அப்படித்தானே சொல்லுவார்கள் என்று தமக்கையார் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தங்கையைப் பார்த்து, "உனக்கு உண்மையாவே தெரியாதோ, இல்லாட்டி சொல்ல வேணுமெண்டு சொல்லுறியோ?" என்று கேட்டார்.

சின்னம்மா தலை நிமிர்ந்து முதல்முறையாக மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் தன் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தால் கெட்டவராகவே தெரியவில்லை. பிறகு சின்னம்மா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உண்மையாத் தெரியாது அக்கா. ஒருதரும் கேக்கேல்லை. நானும் என்னைக் கேக்கேல்லை."

தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். தமக்கையார் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. இரவு வகுப்புக்குப் போய் தங்கையின் வாழ்வைக் கெடுத்தவள் என்று எங்கள் சனம் அம்மாவைப் பற்றிக் கதைத்தது. விசா முடிந்து சின்னம்மா கொழும்புக்கு விமானம் ஏறியபோது நான் அழுத அழுகை கொஞ்சமல்ல. அம்மாவும் அழுதார். எனக்கு அவர் மீது கடும் கோபமாக இருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு சின்னம்மா கனடாவுக்குப் போய், தானே பார்த்து ஒருவரை மணந்தார். சந்தோஷமா என்று கேட்டால் இப்போதும் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் போன பிறகு நடந்ததை. சின்னம்மா அறைக்குள் போய்விட்டார். அம்மா கோப்பைகளைக் கழுவ, அப்பா துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் அம்மாவை ஏசுவார் என்று எதிர்பார்த்து நான் குசினி வாசலில் நின்றேன். ஏசவில்லை. துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தார்.

"நான் பொம்பிளை பாக்க வந்து உம்மட்டைக் கேக்கேக்கை, நீரும் தெரியாதெண்டுதானே சொன்னனீர்?"

"ஓம்."

"அப்ப, உண்மையாவே தெரியாதோ?"

அம்மா குழாயைப் பூட்டினார். "அண்டைக்குத் தெரியாது" என்றார்.

அப்பா தலையாட்டினார். "அப்ப, இண்டைக்கு..." என்று இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அம்மாவும் கையைத் துடைக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். வகுப்புப் பாடம் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைத்த எனக்குப் பொறுமை போய்விட்டது. இனி ரோல்ஸ் சாப்பிடலாமா என்று கேட்டேன். பசியா, அலுப்பா என்று அன்றைக்கு யாரும் விசாரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டுக்குப் பாய்ந்து, ஆளுக்கொன்றாக எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார்கள். என் மேல் உள்ள அன்பு என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.