என்னை விட்டுப் போகாத புலவாயோ பஸ்

முதலில் கையெழுத்துக்கு மன்னியுங்கள். வரி மேலே ஏறும், கீழே இறங்கும், பாதி எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். எழுபது வயதுக்குப் பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றேன். நான் எழுதும் பக்கங்களை என் மருமகள் படம் பிடித்து இங்கே போடுகிறாள். தட்டச்சு செய்து தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். கஷ்டப்பட்டுப் படியுங்கள், நானும் கஷ்டப்பட்டுத்தான் எழுதினேன்.

வகுப்பில் நான் முழுதாக வாசித்த முதல் கட்டுரை ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவியைப் பற்றியது. அந்த ஊர்க்காரர்கள் அதை முழங்கும் புகை என்கிறார்களாம். தண்ணீர் எப்படிப் புகையும்? பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். குழுவோடு போகச் சொன்னான் மகன். இன்னொருவர் பிடித்த கொடிக்குப் பின்னால் நடக்க முடியாது என்றேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான்: ஒரு தடவை வழி தவறினாலும் அங்கிருந்தே விமானம் ஏறித் திரும்பிவிட வேண்டும். தலையாட்டினேன்.

ஏப்ரலில், சிங்கப்பூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானம். அங்கிருந்து மாலையில் ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரத்துக்கு பஸ். பக்கத்து இருக்கையில் நொம்சா என்ற அம்மா, பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. அவர் வறுத்த சோளம் தந்தார். நான் காரமான நெத்திலி சம்பல் தந்தேன். கண்ணீர் வழிய வழிய இன்னொரு கரண்டி கேட்டார்.

ஏறக்குறைய 540 கிலோமீட்டர் தாண்டி, விடியும் நேரத்தில் தென்னாப்பிரிக்காவும் ஜிம்பாப்வேயும் சந்திக்கும் பைட்பிரிட்ஜ் எல்லை வந்தது. கோளாறு அங்கேதான். மலேசியாவில், ஜொகூரின் தெப்ராவில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேல் சிங்கப்பூருக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வந்தவன் நான். ஜொகூர் பாலத்தைத் தினமும் கடப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பையோடு இறங்கி ஓட வேண்டும், முத்திரை வாங்க வேண்டும், அதே கம்பெனியின் அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். நாம் வந்த பஸ் நமக்காக நிற்காது. பலகை வாசிக்கத் தெரியாத நான் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன். இப்போதும் தமிழ்தான் வாசிப்பேன், ஆங்கிலம் இன்னும் தொடங்கவில்லை.

ஆகவே ஓடினேன். வாலிபர்களை முந்திக்கொண்டு முத்திரை வாங்கினேன். வெளியே அதே நிறத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிட்டேன். பாலம் கடந்து, ஜிம்பாப்வே குடிநுழைவில் அடுத்த முத்திரையும் வாங்கி, ஊரைத் தாண்டிய பிறகு பக்கத்தில் இருந்தவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து நடத்துநரைக் கூப்பிட்டார். அது தலைநகர் ஹராரே போகும் பஸ். எனக்கு வேறு திசை.

ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். நடத்துநர் நல்லவர், ஹராரேக்கே வாருங்கள், விமான நிலையம் இருக்கிறது என்றார். சரியாக அந்த நேரத்தில் மகனின் அழைப்பு. மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன்.

"பேசுனது பேசுனதுதான்லா, அப்பா. அந்த பஸ்லயே ஹராரே போங்க. டிக்கெட் நான் போடறேன்."

"ஒத்துக்கிட்டேன்தான்டா. இப்ப ஒத்துக்கல."

"அப்பா, உங்களுக்கு எழுபத்தொண்ணு."

"இன்னும் பத்து வருஷம் கழிச்சுப் போனா வயசு கொறையுமா? வைக்கிறேன்."

இறங்கிவிட்டேன். ஒரு சிற்றுந்து பிடித்து எல்லைக்குத் திரும்பினேன். புலவாயோ போகும் எந்த பஸ்ஸிலாவது தொற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம். ஜிம்பாப்வே பக்கத்து வாசலுக்கு வெளியே என் பழைய பஸ் நின்றது. சோதனை முடிந்து, மூட்டைகளை மறுபடி ஏற்றி, கிளம்பத் தயாராகி, எனக்காக நின்றது. கீழே இறங்கி நின்ற பயணிகள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

நொம்சா அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டினார். பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியே போதும். நான் முன்னாலேயே பாலம் கடந்துவிட்டேன் என்று கேள்விப்பட்டு, ஜிம்பாப்வே குடிநுழைவில் என்னைப் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு தடவை உள்ளே போய்த் தேடினாராம். எங்கள் ஊர் எல்லையில் பஸ் நிற்காது என்று இந்த பஸ்ஸின் நடத்துநரிடம் என் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"ஆளை விட்டுட்டுப் போறதுக்கு பஸ் எதுக்கு?" என்று கேட்டார் அவர். பையை நொம்சா அம்மாவே பிடுங்கி மேலே வைத்தார், மறுபடி தூக்கிக்கொண்டு ஓடாமல் இருக்க.

புலவாயோவில் தங்கி, மறுநாள் இன்னொரு பஸ்ஸில் 440 கிலோமீட்டர். அருவி இருக்கும் ஊர் வருமுன்பே அந்தப் புகை தெரிந்தது. பஸ்ஸுக்குள் நானே கைதட்டினேன். நுழைவாயிலில் மழைச்சட்டை வாடகைக்குத் தருகிறார்கள். நான் வாங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தது நனையாமல் போகவா? அருவிக்கு எதிரே நின்றபோது மகன் அழைத்தான்.

"என்னப்பா சத்தம், மழையா?"

"மழைதான்டா. கீழ இருந்து மேல பெய்யுது."

"காலு பத்திரம்பா. வழுக்கும்," என்றான். டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரலில் தண்ணீர் அதிகம், கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள். நான் போனபோது நுழைவுக் கட்டணம் ஐம்பது அமெரிக்க டாலர், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லையில் ஓடாதீர்கள், நடத்துநரின் முகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயதைக் காட்டி யாராவது தடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கிளம்புங்கள்.

எல்லா இடத்திலும் பஸ் நமக்காக நிற்காது, அது எனக்கும் தெரியும். இதைப் படித்துவிட்டு மகன் சண்டைக்கு வருவான். வரட்டும். திரும்பும் வழியில் அருவிக்கு அக்கரையில் இருக்கும் ஜாம்பியா பக்கமும் எட்டிப் பார்த்தது அவனுக்கு இன்னும் தெரியாது. அடுத்த வாரம் அதையும் எழுதி அவனைப் படிக்க வைக்கிறேன்.