ஜீப்பைத் தேடிய கான்ஸ்டபிளின் குரல்

இடைவேளை மணி அடித்ததும் தியேட்டரின் பக்கக் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். கடலின் உப்பு வாடையும், துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகையும், வாசலில் பொரியும் சமோசாவின் எண்ணெய் மணமும் ஒன்றாகக் கலந்து உள்ளே வரும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்தத் தியேட்டரில் நான் எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவே கிளம்பிப்போய்ப் பார்த்தது ஒரே ஒரு படத்தைத்தான்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் 'ஏட்டு ஏகாம்பரம்' என்ற படத்தின் இரண்டாம் பாகத்தைக் கொருக்குப்பேட்டையில் எடுத்தார்கள். முதல் பாகம் யாரும் எதிர்பாராமல் ஓடிவிட்ட சின்னப் படம். திருடனைப் பிடிக்கப் போய் எப்போதும் தானே எதிலாவது மாட்டிக்கொள்ளும் ஒரு ஏட்டையாவின் கதை. இரண்டாம் பாகத்திலும் செட் போட்டுப் படம் எடுக்கிற வசதி அவர்களுக்கு இல்லாததால், சரக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் தெருவையே ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனாகவும் மறுநாள் சந்தையாகவும் அதற்கடுத்த நாள் திருடன் வீடாகவும் மாற்றி மாற்றிப் படம் பிடித்தார்கள். பத்து நாளும் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் வேடிக்கை பார்க்க ஓடினோம்.

நான்காவது நாள், கான்ஸ்டபிளாக நடிக்க வேண்டிய நடிகர் வரவில்லை. உதவி இயக்குநர் பிரபு கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கூட்டத்தில் இருந்த சேவியர் மாமா, தண்டவாளத்தின் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்த ஒருவனைப் பார்த்து, "இந்தாண்ட வந்துடு நைனா, வண்டி வந்துகினு கீது" என்று அதட்டியிருக்கிறார். மாமா என் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, மெல்ல முன்னே வரத் தொடங்கியிருந்த வயிறு. பிரபு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தைத்து வைத்திருந்த காக்கி உடுப்பைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

காட்சி இதுதான்: ஸ்டேஷன் ஜீப்பையே யாரோ திருடிப் போய்விட்டார்கள். அதற்குக் காவல் நின்ற கான்ஸ்டபிளிடம் இன்ஸ்பெக்டர் வந்து ஜீப் எங்கே என்று கேட்கிறார். எழுதித் தந்த வசனம் மாமாவுக்கு வாயில் நிற்கவில்லை. "நான் எனக்கு வர்ற மாதிரி சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திச் சல்யூட் அடித்து, மேலதிகாரியிடம் கணக்கு ஒப்பிக்கும் அதே நிதானத்தில் சொன்னார்: "ஜீப்பு பத்திரமாத்தான் கீது ஐயா. எங்க கீதுன்னுதான் தெர்ல."

கேமராவின் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டதால் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முறையும் சிரித்தார்கள். அன்றைக்கெல்லாம் எங்கள் தெருவில் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பால் பாத்திரம் எங்கே என்றால், பத்திரமாத்தான் கீது, எங்க கீதுன்னுதான் தெர்ல.

படம் வெளியான வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு முப்பது பேர் திரண்டு மேட்னி காட்சிக்குப் போனோம். மாமா ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் வரிசையின் நடுவில் உட்கார்ந்தார். திரையில் அவர் முகம் வந்ததும் விசில் பறந்தது. சல்யூட் அடித்தார், வாயைத் திறந்தார். வந்த குரல் அவருடையது இல்லை. மூக்கால் இழுத்து இழுத்துப் பேசும் யாரோ ஒருவரின் குரல், "இன்னா நைனா" என்று தொடங்கி, நாங்கள் வீட்டில் பேசாத வசைச் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியது. இன்ஸ்பெக்டரை எந்தக் கான்ஸ்டபிளாவது 'நைனா' என்பானா என்று யாரும் யோசிக்கவில்லை. தியேட்டர் சிரித்தது. எங்கள் வரிசை மட்டும் சிரிக்கவில்லை. மாமா, "டப்பிங்ல மாத்திகினாங்க போல" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார்.

படம் விட்டு வெளியே வந்தால் வாசலில் ஒரு தொலைக்காட்சியைச் சேர்ந்தவர்கள், பார்த்தவர்களின் கருத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "படம் சூப்பர்", "ரெண்டு மணி நேரம் போனதே தெரியல", "பேமிலியோட பாக்கலாம்" என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்லிக் கேமராவுக்குக் கையசைத்துப் போனார்கள். ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வந்திருந்த பிரபு, மாமாவைக் கண்டதும் தூணுக்குப் பக்கமாக ஒதுங்கினார். மைக்கைப் பிடித்திருந்த பெண் எங்கள் பக்கம் திரும்பி, "படம் எப்படி இருக்கும்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

என் அம்மா தையல் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் முன்னால் வந்ததும் நான் அவர் புடவையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இதை எழுத இன்றும் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அப்போது என்னிடம் இரண்டு தமிழ் இருந்தது. வீட்டில் 'வூடு', பள்ளிக்கூடத்தில் 'வீடு'. என் பக்கத்தில் உட்காரும் சங்கீதா, தெற்கே இருந்து வந்து ராயபுரத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவரின் மகள். நான் ஒருமுறை வாய்தவறி 'இருக்கு' என்பதை 'கீது' என்றதற்கு வகுப்பே அன்று முழுவதும் சிரித்தது. அம்மா டிவியில் பேசினால் அவள் பார்ப்பாள். அந்தப் பயம் எனக்கு.

அம்மா என் கையை விலக்கிவிட்டு மைக்கைப் பார்த்துப் பேசினார்.

"படம் பாக்கலாம். சிரிப்பு கீது. அந்த ஜீப்ப தேட்ற கான்ஸ்டபிளு கீறாரு பாரு, அவுரு என் கூடப் பொறந்த தம்பி. மூஞ்சி அவுருது. கொரலு அவுருது இல்லம்மா. நாங்க அப்டி இழுத்து இழுத்துப் பேசமாட்டோம். பெரியவங்களாண்ட அப்டி மருவாத இல்லாம பேசமாட்டோம். நாங்க பேசறதுல சிரிப்பு கீது, அதுக்காக நாங்க சிரிப்பு இல்ல. அவுரு பேசனத அப்டியே வுட்டிருந்தா இன்னும் சோக்கா சிரிச்சிருப்பீங்க."

"யக்கா, வுடு" என்றார் மாமா. அந்தப் பெண்ணோ விடவில்லை. "நிஜமா எப்படிச் சொன்னீங்க சார்?" என்று மைக்கை அவர் பக்கம் நீட்டினாள். மாமா தயங்கினார். பிறகு மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, சல்யூட் அடித்து, அதே நிதானத்தில் அந்த இரண்டு வரியையும் சொன்னார். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே கேட்ட சிரிப்பை விட இது பெரிதாக இருந்தது. கேமராக்காரரின் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பிரபு தூணருகிலேயே தலைகுனிந்து நின்றார்.

அடுத்த சனிக்கிழமை அது ஒளிபரப்பானது. தெருவே எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. அம்மா வந்தார், "படம் பாக்கலாம். சிரிப்பு கீது" என்றார், வேறு யாரோ வந்துவிட்டார்கள். மாமாவும் இல்லை, சல்யூட்டும் இல்லை. "அவ்ளோதானா" என்று சொல்லிவிட்டு அம்மா மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனார்.

திங்கட்கிழமை நான் வகுப்பில் உட்காரும் முன்னரே சங்கீதா கேட்டாள்: "டிவில வந்தது உங்க அம்மாவா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி கிடைத்தது. அம்மா என் கையை விலக்கியதுதான் அப்போது நினைவுக்கு வந்தது. "எங்க அம்மாதான்" என்றேன். "முழுசா போடல. அவங்க இன்னா சொன்னாங்கன்னு நான் சொல்றன், கேளு." அந்த வகுப்பறையில் நான் தெரிந்தே சொன்ன முதல் 'இன்னா' அது. பெஞ்சில் ஏறி நின்று அம்மா பேசியதையும் மாமா பேசியதையும் ஒரு சொல் விடாமல் பேசிக் காட்டினேன். சல்யூட்டும் அடித்தேன். சிரித்தார்கள், ஆனால் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது அந்த வயதிலும் எனக்குத் தெரிந்தது. சங்கீதா மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

நான்கைந்து மாதம் கழித்து பிரபு எங்கள் தெருவைத் தேடிக்கொண்டு வந்தார். படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கும்போது சில கெட்ட வார்த்தைகளை நீக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காட்சியில் பாதி வசனம் போய்விடும், மாமாவே வந்து பேசித்தர முடியுமா என்று கேட்டார். அம்மாவைப் பார்த்து, "நீங்க அன்னிக்கு சொன்னதுக்கு அப்புறம் அந்த சீன பாக்கவே ஒரு மாதிரி இருந்ததுக்கா" என்றார். அம்மா அவரை உட்காரவைத்து வஞ்சிர மீன் குழம்போடு சோறு போட்டார். மாமா ஒருநாள் லீவு போட்டுவிட்டு சாலிகிராமத்து டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போய், கண்ணாடி அறைக்குள் நின்று அந்த இரண்டு வரிகளைப் பேசிவிட்டு வந்தார். அந்தத் தீபாவளிக்குப் படம் டிவியில் வந்தபோது முகமும் குரலும் ஒரே ஆளுடையவையாக இருந்தன. மாமா சத்தம் காட்டாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்று இணையத்தில் கிடைப்பது அந்தப் பிரதிதான். அதன் கீழே யார் யாரோ கருத்து எழுதுகிறார்கள். 'அந்தக் கான்ஸ்டபிள் யாருப்பா, அசல் நம்ம ஏரியா பேச்சு' என்று ஒருவர் கேட்டிருந்ததற்கு, 'எங்க மாமா' என்று பதில் எழுதினேன். தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். கருத்துச் சொல்ல வாசலில் வரிசையாக நிற்பவர்களும் இல்லை. படம் முடிவதற்குள் கைபேசியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அம்மா அன்று பேசியது பதிவான நாடா எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அங்கே நின்று கேட்டவர்களிலும் பாதிப்பேர் வேறு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எழுதும் முன் அம்மாவிடம், அன்றைக்கு அவ்வளவு தைரியம் எப்படி வந்தது என்று கேட்டேன். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"இன்னாத்த சொல்லிட்டன்? கீறத சொன்னன்."