அந்த வருடம் நானும் ஏறினேன்

லண்டன் இல்ஃபோர்ட் கோயிலடியிலிருந்து கோடை விடுமுறையில் ஒரு கோச் பஸ் கடற்கரைக்குப் போகும். அங்கே ஒரு பழைய விளையாட்டுப் பூங்கா. அதில் முழுக்க மரத்தால் கட்டிய பெரிய ரோலர் கோஸ்டர் ஒன்று இருக்கிறது. வெள்ளை அடித்த மரச்சட்டங்களுக்குக் கீழே, ஒரு வாங்கில் உட்கார்ந்து, மற்றவர்களின் பைகளைக் காத்துக்கொண்டு ஏழு கோடைகள் இருந்திருக்கிறேன்.

ஏறும் வாசலில் ஒரு பலகை. இதய நோய் உள்ளவர்கள், முதுகு வருத்தக்காரர், கர்ப்பிணிகள் ஏறக்கூடாது. நான் கர்ப்பிணி இல்லை. ஆனால் இல்லை என்று துணிந்து சொல்லக்கூடிய நிலையிலும் நான் இருந்ததில்லை. ஒரு வருடம் கரு வைத்து ஒன்பதாம் நாள். இன்னொரு வருடம் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். மற்ற வருடங்களில் நாள் தள்ளிப்போயிருந்தது, அல்லது தள்ளிப்போகும் என்று நம்பினேன். யாராவது கூப்பிட்டால் தலைச்சுற்று என்பேன். என் கணவரின் அக்கா, என் மச்சாள், மட்டும் கூப்பிடமாட்டார். தன் பையை என் தோளில் மாட்டிவிட்டு, "நீர் அந்த வாங்கில இரும்" என்பார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

போன வருடம் பயணத்துக்கு மூன்று கிழமை முன்னர் எங்களை மருத்துவமனைக்கு அழைத்தார்கள். நாலாவது தடவை கரு வைத்ததும் சரிவந்திருக்கவில்லை. டொக்டர் ஓர் இளம் பெண். கதிரையை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கருமுட்டைகளால் இனிப் பிள்ளை தங்காது, இன்னொரு தடவை செய்யச்சொல்லித் தன்னால் சொல்ல ஏலாது என்றாள். என் கணவர் அவளுக்கு நன்றி சொன்னார். லிப்டில் இறங்கும்போது, காரை எந்தத் தட்டில் நிறுத்தினோம் என்று இரண்டு தரம் கேட்டார்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. கோச்சுக்கு முன்பே பெயர் கொடுத்திருந்ததால் போனோம்.

புல்தரையில் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் வரிசைக்கு எழுந்தார்கள். மச்சாள் பையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நானும் ஏறப்போறன், மச்சாள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். நீட்டிய பையைத் தன் தோளிலேயே திரும்ப மாட்டிக்கொண்டார்.

"முடிஞ்சுதோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம்."

என் கணவர் ஐஸ்கிரீம் கடைப் பக்கம் திரும்பி நின்றார். பையை அவரிடம் கொடுத்துவிட்டு மச்சாள் என் பக்கத்தில் வந்து ஏறினார்.

வண்டி மரம் முனக முனக மேலே போனது. உச்சியில் கடல் மண்ணிறமாகத் தெரிந்தது. பிறகு விழுந்தோம். எல்லோரும் கத்தினார்கள். அங்கே கத்தி அழுதால் யாருக்கும் கேட்காது என்று முன்னரே நினைத்து வைத்திருந்தேன். அழுகை வரவில்லை. வயிறு ஒருமுறை மேலெழும்பி அடங்கியது, அவ்வளவுதான். இவ்வளவு காலமும் இதற்கா பயந்து கீழே இருந்தேன் என்று மட்டும் தோன்றியது. இறங்கும்போதுதான் மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. அவருடைய மகள் எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நல்லாயிருந்தது என்றேன்.

திரும்பி வரும்போது, கோச் லண்டனுக்குள் நுழைந்த பிறகு, என் கணவர் யன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"தத்தெடுக்கிறதைப் பற்றிக் கவுன்சிலில கேட்டுப் பாப்பமோ?"

பாப்பம் என்றேன்.

கவுன்சிலிலிருந்து தத்தெடுப்புப் படிவம் வந்தது. முதல் பக்கத்தில் எங்கள் பெயர்களையும் விலாசத்தையும் அவர் நிரப்பினார். இரண்டாம் பக்கத்தில், உங்களுக்கு ஏன் பிள்ளை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். அதை இதற்கு முதல் யாரும் எங்களிடம் கேட்டதில்லை. நாளைக்கு எழுதுவம் என்று பேனையை மூடி வைத்தார். படிவம் இப்போதும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடக்கிறது. அதன்மேல் வேறு கடிதங்கள் சேர்ந்துவிட்டன.