நான் இல்லாதபோது விரிந்த பவளம்

மேல்நிலைப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துவது என் வேலை. சோதனைக் குழாயில் இருக்கும் உப்பு என்ன உப்பு என்று பத்து நிமிடத்தில் சொல்லாத பிள்ளையை நான் சும்மா விட்டதில்லை. ஆனால் என் வீட்டுக் கூடத்தில் இருந்த நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்க எனக்கு விளங்கவில்லை.

தொட்டி என் கணவருடையது. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். நெஞ்சில் அடைப்பென்று ஆபரேஷன் ஆன பிறகு, இனிக் கடலுக்குப் போகவேண்டாம் என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகாத மனிதர், நாகல் நகர் வீட்டில் காலைப் பேப்பரைக் கடைசி வரி விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அதே சுவர்தான். திண்டுக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் கடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று ஒருநாள் முடிவு செய்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. வண்ணமீன் தொட்டி வைத்திருந்த வீடுகள் ஊரில் உண்டு. உப்புத் தண்ணீர்த் தொட்டி எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் மட்டும்தான். உப்பு சென்னையிலிருந்து பாக்கெட்டில் வந்தது. இரண்டு ஆரஞ்சு மீன்கள் ரயிலில் வந்தன. கடைசியாக வந்தது அந்தப் பவளம். தோல் பவளம் என்று கடைக்காரர் சொன்னாராம். பார்ப்பதற்குக் காளான் மாதிரி இருக்கும். விளக்கு போட்டதும் தலை முழுக்கச் சின்னச் சின்ன விரல்களாக விரியும்.

தினமும் காலையில் என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் முழங்கை வரை கையை விடுவார். கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைப்பார், கல்லை நகர்த்துவார், மீன்கள் வந்து கைமுடியைக் கொத்தும். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவர் முகம் பழைய முகமாக இருக்கும். எனக்கு அந்த முகம் வேண்டும். தொட்டியைப் பற்றி எனக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான்.

ஐப்பசியில் பவளம் சுருங்க ஆரம்பித்தது. விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு மூடிய கை மாதிரி நின்றது. ஒரு வாரம் பார்த்தார். பிறகு சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இது செத்துப்போச்சுன்னா தொட்டியக் கவுத்துருவேன் டீச்சர். இனிமே எதும் வேணாம்."

கேலியாகக் கூப்பிடும்போது மட்டும்தான் என்னை டீச்சர் என்பார். அன்று அந்தச் சொல்லில் கேலி இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் அந்தச் சுவர்தான் என்று நினைத்தேன்.

"நான் பாத்துக்கறேன். தண்ணில என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க முடியாதா எனக்கு?" என்றேன். வாய்க்கொழுப்பு.

சோதனைப் பெட்டி வரவழைத்தேன். அமோனியா இல்லை. நைட்ரேட் கொஞ்சம்தான். உப்பின் அளவு சரி. காரத்தன்மை மட்டும் உதைத்தது. தண்ணீர் சட்டென்று புளித்துவிடாமல் அதைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். பவளத்துக்கு அது வேண்டும். குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, நீலம் மஞ்சளாகிற வரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். எட்டுச் சொட்டு வரவேண்டிய இடத்தில் ஐந்திலேயே மஞ்சளாகிவிட்டது. ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றினேன். எட்டுக்கு வந்தது. நான்கு நாளில் மறுபடி ஐந்து. மறுபடி சோடா. மறுபடி ஐந்து.

மீன்களோ எதுவும் நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. தண்ணீர் கெட்டால் மீன் முதலில் சாகவேண்டாமா? உப்பு பாக்கெட்டைச் சந்தேகப்பட்டேன், மாற்றினோம். விளக்கைச் சந்தேகப்பட்டேன், மாற்றினோம். கொசுவர்த்தியை நிறுத்தினேன்; கொசு எங்களைப் பிடுங்கியதுதான் மிச்சம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் எழுதியதை எல்லாம் அச்செடுத்து வந்து படித்தேன். ஒருவர் செய் என்றதை அடுத்தவர் செய்யாதே என்றிருந்தார். தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு, பிறகு நானே போய்ப் பொறுக்கி எடுத்தேன்.

நான் சொட்டு எண்ணும்போது என் கணவர் பக்கத்தில் நின்று ஏதாவது கேட்பார்.

"ஏம்மா, நாம ஊத்துற தண்ணில..."

"செத்த நேரம் சும்மா இருக்கீங்களா? எண்ணிக்கை தப்பிப்போகும்" என்பேன். நாற்காலிக்கே திரும்பிப் போய்விடுவார்.

கடைசியில் என் கண் அவர் கையில் விழுந்தது. தோள்வலிக்குத் தைலம் தேய்க்கிற கை. கண்டுபிடித்துவிட்டேன் என்றே நம்பினேன். "உங்க தைலம்தான் அதக் கொல்லுது. இனிமே தொட்டிக்குள்ள கைய விடாதீங்க" என்றேன். "கையக் கழுவிட்டுத்தானம்மா விடுறேன்" என்றார். "கழுவினாப் போயிருமா?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவர் காலையில் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பவளம் அப்போதும் விரியவில்லை.

கார்த்திகையில் மதுரையில் பத்து நாள் ஆசிரியர் பயிற்சி. அங்கேயே தங்கவேண்டியிருந்தது. செத்த பவளத்தைத்தான் வந்து பார்ப்போம் என்ற நினைப்போடு போனேன். திரும்பி வந்து கூடத்தில் பையை வைக்கிறேன், பவளம் தலை நிறைய விரிந்து நிற்கிறது.

"நீ போன நாலாம் நாளே தெறந்துருச்சு" என்றார். "ஒன்னியப் பாத்தாத்தான் பயம்போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன செய்தீர்கள் என்று போலீஸ்காரி மாதிரி விசாரித்தேன். குழாய்த் தண்ணீருக்குப் பதில் மழைத் தண்ணீரை மொட்டைமாடியில் அண்டாவில் பிடித்து ஊற்றியிருக்கிறார். தினமும் கையும் விட்டிருக்கிறார்.

"ரெண்டையும் ஒரே சமயத்துல மாத்தினா எதனாலன்னு எப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். காக்கா எச்சம் கலந்த மாடித் தண்ணீர் வேண்டாம் என்றேன், கையும் கூடாது என்றேன். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றியது இப்போது நானும்தான். அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு வாரத்தில் பவளம் மூடிக்கொண்டது. தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று மட்டும் அவர் கேட்டார்.

அடுத்த முறை குழாயில் தண்ணீர் விட்ட அன்று காலை டிரம்மை நிரப்பினேன். மழைக்காலத்தில் எங்களுக்கு வருகிற குடிதண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். ஆணியில் தொங்கிய துணி முடிச்சை எடுத்து, உள்ளே இருந்த படிகாரக் கட்டியோடு தண்ணீரில் சுற்றினேன். கலங்கலைத் தெளியவைக்க எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். முடிச்சு கையில் லேசாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஐப்பசி ஆரம்பத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வாங்கிய கட்டி, புளியங்கொட்டை அளவுக்குத் தேய்ந்திருந்தது.

மீதி எங்கே?

டிரம் பக்கத்தில் அப்படியே நின்றேன். தொட்டியில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஆவியாகும். அதை ஈடுகட்ட இந்த டிரம்மிலிருந்துதான், சுற்றிய கையோடு, அடியில் படியக்கூட விடாமல் மொண்டு ஊற்றுகிறேன். தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் இருப்பது போகாது. படிகாரம் காரத்தன்மையைத் தின்னும், தோல் பவளத்துக்கு அலுமினியம் ஆகாது. முதலில் சொன்னதைப் பிள்ளைகளுக்கு நானே நடத்துகிறேன். அடுத்தது நான் அச்செடுத்து வந்த தாள்களிலேயே இருந்தது. கை மட்டும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

கூடத்துக்கு வந்து துணி முடிச்சை அவர் முன்னால் வைத்தேன். "நான்தான்" என்றேன்.

அவர் முடிச்சைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"அதத்தான் கேக்க வந்தேன் அன்னைக்கு. நீ சுத்துறதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நீ கெமிஸ்ட்ரி டீச்சரு, தெரிஞ்சுதான் செய்வேன்னு விட்டுட்டேன். நீ இல்லாதப்ப எம்புட்டுச் சுத்தணும்னு எனக்குத் தெரியல. அதான் மழைத்தண்ணியப் பிடிச்சேன்."

அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் அடைத்தது நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்டுப் பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை. "கைய விடுங்க" என்று மட்டும் தெளிவாகச் சொன்னேன். சட்டைக் கையை நானே மடித்துவிட்டேன்.

படிகாரத்தை நிறுத்தினோம். மூன்று வாரத்துக்குள் பவளம் விரிந்தது, பாதித் தலை மட்டும். மறுபாதி கடைசிவரை மொட்டையாகவே இருந்தது. காரத்தன்மை எட்டில் நின்றது. தொட்டியைக் கொடுப்பது பற்றி அவர் பிறகு பேசவில்லை.

ஆனாலும் எனக்கு முழு நிச்சயம் கிடையாது. அந்த மூன்று வாரமும் அவர் கையும் தண்ணீரில்தான் இருந்தது. படிகாரம் போனதே போதுமா, கையும் வேண்டியிருந்ததா என்று முறையாகச் சொல்லவேண்டுமானால், ஒன்றை மறுபடி நிறுத்திப் பார்க்கவேண்டும். அவரைக் கையை எடுக்கச் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை.